மொய் தவிர்க்கவும்

திருத்தங்கல்
27.11.2023

நிகழும் மங்களகரமான கார்த்திகை மாதம் பதினோராம் நாள், அன்பு மருமகள் பிரீத்திகாவுக்குத் தாய்மாமன் ரத்தினசாமி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை பொன்னுத்தங்கமும் சுகம். ஓசூரில் குளிர் அதிகம் என்கிறார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்.

எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். தீபாவளி சீசன் முடியும், பட்டாசுக் கம்பெனிகள் லேபிள் ஆர்டரை நிறுத்தும், பிரஸ்ஸில் எங்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்பார்கள், அந்த நேரம் பார்த்துக் கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பான் என்று கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று சொன்னேன். கேட்ட ஆட்கள் இருக்கிறார்கள். சொன்னபடியே வந்து நின்றான். இந்த வட்டாரத்தில் இவ்வளவு துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

வந்தவன் தனுஷ்கோடி. பஸ் ஸ்டாண்டு பக்கம் அடகுக்கடை வைத்திருப்பவன். நம் வீட்டுப் பத்திரம் அவனிடம் இருக்கிறது. மூன்று லட்சம், மூன்று வட்டி. மாதம் ஒன்பதாயிரம் வட்டிக்கே போகும். இதுவரை ராஜா மாதிரி கட்டிவந்தேன், இப்போது கொஞ்சம் நிற்கிறது. "அண்ணாச்சி, ஒங்க மொகத்துக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன். வர்ற ஆவணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல வீட்டை எம்பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. நமக்குள்ள மனஸ்தாபம் வேணாம்" என்றான். நான் ஒரு பார்வை பார்த்தேன். செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவிட்டான்.

உன் அத்தை, பத்திரம் பீரோவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் பதிலை பிரஸ் முகவரிக்குப் போடு. என் போனில் தவணைக்காரர்கள் ஓயாமல் கூப்பிட்டு அது இட்லிச் சட்டி மாதிரி சூடாகிவிட்டது. அணைத்துப் பரணில் போட்டுவிட்டேன். நமக்குக் கடிதம்தான் கௌரவம்.

நீ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். ஏதாவது யோசனை தோன்றினால் எழுது. பணமாகத் தோன்றினாலும் பாதகமில்லை.

தங்கள் நல்வரவை என்றும் விரும்பும்
தாய்மாமன் ரத்தினசாமி


ஓசூர்
6.12.2023

அன்புள்ள மாமாவுக்கு,

பிரீத்திகாவின் வணக்கம். நான் நலம். பஞ்சு வைத்துக்கொண்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பணம் அனுப்ப மாட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள். இந்த மாதம் நான் ஒன்பதாயிரம் அனுப்பினால் தனுஷ்கோடி சந்தோஷப்படுவார், அடுத்த மாதம் நீங்கள் மறுபடியும் ஜோசியம் சொல்வீர்கள். முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெரிய வட்டி மேலே, சின்ன வட்டி கீழே. கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

அத்தையிடம் சொல்லுங்கள். அவள் கூட்டிப் பெருக்கும் வீடு. அது யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, செய்முறை. யார் வீட்டு விசேஷமானாலும் மைக்கில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று மொய் எழுதுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். ஒரு வைகாசியில் உங்கள் சம்பளத்தை விட உங்கள் மொய் அதிகம் என்று அம்மா சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனுஷ்கோடியிடம் வாங்கிய பணம் எங்கே போனது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நீங்கள் குடித்தும் பார்த்ததில்லை, சீட்டாடியும் பார்த்ததில்லை.

மழைக்காலம். சைக்கிள் மாதிரி நினைத்துக்கொண்டு அந்தப் பெரிய பைக்கை வேகமாக ஓட்ட வேண்டாம்.

உங்கள் மருமகள்
பிரீத்திகா


திருத்தங்கல்
21.12.2023

அன்பு மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். முழங்கால், நான் அதட்டியதில் அடங்கிவிட்டது.

தாள் எழுதிவிட்டேன். மேலே தனுஷ்கோடி. அதற்குக் கீழே போன் ஆப்பில் வாங்கிய முப்பத்தெட்டாயிரம். அப்புறம் பைக் தவணை. அப்புறம் பிரஸ்ஸில் வாங்கிய அட்வான்ஸ். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. சாதாரண ஆளை நம்பி இவ்வளவு கொடுப்பார்களா?

செய்முறை விஷயத்திலும் உன் சொல்லைக் காப்பாற்றத்தான் போனேன். சின்னச்சாமி பேத்திக்குக் காதுகுத்து. மொய் மேஜையைத் தாண்டி நேரே பந்திக்குப் போய்விட வேண்டும் என்று திட்டம். மைக்கில் இருந்தவன் பார்த்துவிட்டான். "நமது பாசத்துக்குரிய அண்ணாச்சி ரத்தினசாமி அவர்கள் வருகை தந்திருக்கிறார்கள்" என்றான். வருகை தந்தவன் வெறுங்கையோடு எப்படிப் போவது? இரண்டாயிரம் எழுதினேன். பக்கத்தில் நின்ற ஆளிடம் வாங்கித்தான் எழுதினேன். அவனுக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் அந்தப் பந்தியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை, கல்யாணம் இல்லை. முப்பது வருடமாக நான் எழுதிய மொய் ஊரெல்லாம் கிடக்கிறது. திரும்பி வருவதற்கு நம் வீட்டில் ஒரு விசேஷம் நடந்ததில்லை. குறைந்தது ஏழு லட்சம் இருக்கும். மாடியில் தகரம் போட்டு ஓர் அறை எழுப்பி, அதற்கு ஓர் இல்ல விழா வைத்தால் என்ன? ஐயர், ஹோமம், மைக், கறிச்சோறு. பத்திரம் அன்றைக்குச் சாயங்காலமே பீரோவுக்கு வந்துவிடும்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே ஒரே மழை.

ஆசிகளுடன்
ரத்தினசாமி


ஓசூர்
3.1.2024

அன்புள்ள மாமாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம்.

மழைக்கும் அத்தையிடம் பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்று ராத்திரி எல்லாம் யோசித்தேன்.

தகரக் கொட்டகைக்கு விழா என்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது நீங்கள் கொடுத்த பணம். திரும்பக் கேட்பதில் குற்றமில்லை. ஏழு லட்சம் என்றால் பாதியாவது உண்மை இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று லட்சம் வந்தாலும் வீடு தப்பித்தது.

பந்திச் செலவுக்கு இருபதாயிரம் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இது கடன் இல்லை, என் மொய். மைக்கில் சொல்ல வேண்டாம். ஒரே நிபந்தனை, வருகிற பணம் ஒரு ரூபாய் குறையாமல் தனுஷ்கோடியிடம் போக வேண்டும். பழைய மொய்க்காரர்களைக் கூப்பிடுங்கள், புது ஆட்களைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அவர்களுக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டும்.

அத்தையிடம் சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் எழுத வேண்டாம்.

பிரீத்திகா


திருத்தங்கல்
20.1.2024

அன்பு மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன். ஆகையால் எழுதுகிறேன். சுகம், சுகத்தையே விரும்புகிறேன்.

அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று இருந்துவிடலாம் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதெல்லாம் யோசிக்கிற ஆள் உன் மாமன். "பத்திரம் இல்லைன்னா வரி ரசீது யாரு பேருல வரும்?" என்று கேட்டாள். வரி வேறு, பத்திரம் வேறு என்று சட்டத்தை விளக்கினேன். அவள் உரித்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொங்கல் வரைக்கும் பேச்சு இல்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டு, "பந்திக்கு எம்புட்டு எலை சொல்லணும்?" என்றாள். நாங்கள் சமாதானம்.

மாசி பிறப்பதற்குள், தை கடைசி ஞாயிறு, பிப்ரவரி பதினொன்று, நாள் குறித்தாகிவிட்டது. கொட்டகை எழும்பிவிட்டது. ஏறிப் பார்த்தால் முருகன் கோயில் மலை முழுசாகத் தெரிகிறது. அழைப்பிதழை நம் பிரஸ்ஸிலேயே அழகுராஜா டைப் செய்து அடித்துக் கொடுத்துவிட்டான். கம்ப்யூட்டரில் அவனுக்கு நிகர் சிவகாசியில் கிடையாது, நான் பழக்கியது. தகரம் என்று எழுதவில்லை, "மேல்தள மாளிகை" என்று போட்டிருக்கிறோம். நானூறு பத்திரிகை.

ஆய்வு என்று சொல்லி இங்கே நிறையப் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆகையால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

நாளை முதல் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் அழைக்கக் கிளம்புகிறேன். முதல் பத்திரிகை யாருக்குத் தெரியுமா? தனுஷ்கோடிக்கு. அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

இல்ல விழா நாயகன்
ரத்தினசாமி


திருத்தங்கல்
14.2.2024

அன்பு மருமகள் பிரீத்திகாவுக்கு,

விழா நடந்தது. சுகம். இந்த ஊரில் இதற்கு முன் இப்படி ஒரு விழா நடந்ததில்லை, இனியும் நடக்காது. பந்தி ஆறு முறை விரித்தோம். கறி மட்டும் முப்பது கிலோ. சாப்பிட்டு எழுந்தவர்கள் இலையைத் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

மொய் வரவில்லை.

வரவே இல்லை என்றில்லை. வெளியூர்க்காரர்கள் சிலர் பத்திரிகையைப் படிக்காமல் வந்தவர்கள், மொத்தமாகப் பதினோராயிரம் போலச் செய்தார்கள். மற்றவர்கள் மேஜைப் பக்கமே வரவில்லை. விஷயம் என்னவென்றால், பத்திரிகையின் அடியில் ஒரு வரி இருந்திருக்கிறது. "தங்கள் வருகையே எங்களுக்குப் பெரும் பரிசு. மொய் அன்பளிப்புகளை அன்புடன் தவிர்க்கவும்." அழகுராஜா பெரிய முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறான். அந்த வரியை அழிக்க மறந்துவிட்டான். பத்திரிகையில் கடைசி வரியை யார் படிக்கிறார்கள், சொல். ஆனால் இந்த வரியை மட்டும் ஊரே படித்துவிட்டது.

மைக்கில் இருந்தவன் பாவம். சொல்வதற்குப் பெயர் இல்லாமல் சாம்பார் வாளி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அத்தை அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

உன் இருபதாயிரம் முழுவதும் அரிசி, கறியாகிவிட்டது. பதில் போடு.

மாமன்


திருத்தங்கல்
8.3.2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். உன் பதில் வரவில்லை. தபால்காரர் லீவில் இருக்கிறார் போலிருக்கிறது. விசாரித்தேன், லீவில் இல்லை.

அழகுராஜா மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஆனால் நான் மன்னித்துவிட்டேன். பிரஸ்ஸில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, அவன் தோளில் கை போட்டு, "தப்பு மனுசன் பண்றதுதான்லே" என்றேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று முதலாளியே சொன்னதாகக் கேள்வி. ஆகவே நீயும் அதை விட்டுவிடு. அவனிடம் போன் போட்டு எதுவும் கேட்க வேண்டாம்.

பைக்கைக் கொடுத்துவிட்டேன். அதில் வந்ததில் மீதித் தவணையும் போன் ஆப் கடனும் தீர்ந்தன. இப்போது பஸ்ஸில் போகிறேன். கண்டக்டர் எனக்கென்று ஜன்னல் சீட்டு வைத்திருக்கிறார். அத்தை சாத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்குப் பேப்பர் குழாய் உருட்டப் போகிறாள். காலையில் கம்பெனி வேன் வரும். வேண்டாம் என்றேன். "நீங்க மன்னிச்சுக்கிட்டு இருங்க, நான் வேலைக்குப் போயிட்டு வாறேன்" என்றாள்.

ஆவணிக்கு இன்னும் காலம் இருக்கிறது. பதில் போடு தாயி.

மாமன்


ஓசூர்
17.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சித்திரை வாழ்த்துகள். நான் நலம். அத்தையைக் கம்பெனியில் பத்திரமாக இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். அந்த இருபதாயிரத்துக்காக இல்லை. ஒரே ஒரு வரி, மாமா. அதைப் படிக்காமல் ஒருவன் அச்சுக்கு அனுப்பினான், உங்கள் வீடு கைக்கு எட்டுகிற தூரம் வந்து போய்விட்டது. நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு முடியவில்லை. அவன் மேல் புகார் கொடுத்து நஷ்ட ஈடு கேட்கலாம் என்று முதலாளிக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். அம்மாதான், "ஒங்க மாமா சோறு திங்கிற எடம்டி" என்று தடுத்துவிட்டாள்.

ஆனால் ஒன்று. நீங்கள் பைக்கைக் கொடுத்ததை இரண்டு முறை படித்தேன். விழாவை விட அதுதான் பெரிய காரியம்.

இனி விழா வேண்டாம். தாத்தா விட்டுப் போன ஒன்றரை ஏக்கர் இருக்கிறதே, நீங்கள் எஸ்டேட் என்பீர்கள். அதில் சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றும் வளரவில்லை என்று அம்மா சொல்கிறாள். அதை விற்றுவிடுங்கள். அம்மா தன் பங்குக்குக் கையெழுத்துப் போடத் தயார். உங்கள் பிஎப் பணத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று கேளுங்கள். மிச்சத்துக்கு நீங்களும் அத்தையும் மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். எந்த விசேஷத்துக்கும் ஒரு ரூபாய் எழுதக் கூடாது.

பிரீத்திகா


திருத்தங்கல்
19.7.2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். இங்கே வெயில் குறையவில்லை. பட்டாசுக்கு நல்ல வெயில், நமக்குத்தான் இல்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

எஸ்டேட் போய்விட்டது. கரிமூட்டம் போடுகிற ஒருவர் வாங்கினார். பத்திரப்பதிவு அன்று உன் அம்மா என்னைப் பார்த்து, "ஏலே, ஐயா இருந்தா என்ன சொல்லுவாரு" என்றாள். "வித்தது போதாதுன்னு சொல்லுவாரு" என்றேன். சிரித்துவிட்டாள். வந்ததை அப்படியே தனுஷ்கோடியிடம் கட்டினேன். வட்டி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பிஎப்புக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மேலே மாளிகையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பிரஸ்ஸில் கூலிக்கு வரும் ஆட்கள் இரண்டு பேர். வெயிலில் ரொட்டி சுட்டதுபோல வேகிறார்கள், ஆனால் வாடகை தருகிறார்கள்.

செய்முறை எழுதவில்லை. நம்பு. ஆனியில் நாலு விசேஷம். முதல் விசேஷத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டேன். அத்தை விடவில்லை. "போகாம இருந்தா ஒளியிறோம்னு அர்த்தம். போயிச் சாப்பிட்டு வாங்க" என்றாள். இரண்டாவதுக்குப் போனேன். மேஜையில் இருந்தவர் பேனாவைத் திறந்து, "அண்ணாச்சி, எம்புட்டு எழுத?" என்றார். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறது. "இந்த வருசம் ஒண்ணும் இல்லப்பா, கடன் கெடக்கு" என்றேன். அவர் ஒரு நொடி பார்த்தார். "அதுக்கென்ன அண்ணாச்சி, பாயசம் முடியப்போகுது, மொதல்ல உள்ள போங்க" என்றார். அவ்வளவுதான். முப்பது வருடம் எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான்.

இந்த விஷயத்தை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

மாமன் ரத்தினசாமி


ஓசூர்
26.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பிஎப் பணம் வந்ததாக அத்தை போனில் சொன்னாள். பத்திரத்தை வாங்கும்போது ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். கடன் தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள்.

அம்மா சொல்லியிருப்பாள். கார்த்திகையில் எனக்குக் கல்யாணம். அவர் பெயர் விக்னேஷ்குமார், இங்கே என்னோடு வேலை பார்க்கிறவர், ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், அம்மா முந்திக்கொண்டாள்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மாமன் சீர் என்று ஒரு ரூபாய் கடன் வாங்கக் கூடாது. என் சடங்குக்கு நீங்கள் நாற்பத்தொரு தட்டு கொண்டு வந்ததை ஊர் இன்னும் பேசுகிறது. எனக்கு இப்போது அந்தத் தட்டுகளை நினைத்தால் வட்டிக் கணக்குதான் ஓடுகிறது. மாலை எடுத்துக் கொடுக்க நீங்கள் நின்றால் போதும்.

மற்றது, அழைப்பிதழ். உங்கள் பிரஸ்ஸில்தான் அடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். சரி. ஆனால் அழகுராஜா அதில் கை வைக்கக் கூடாது. வேறு ஆள் யாராவது டைப் செய்யட்டும். அவனை நீங்கள் மன்னித்தது உங்கள் மனசு. என் கல்யாணப் பத்திரிகையை அவனை நம்பிக் கொடுக்க முடியாது. இதை முதலாளியிடமும் எழுதிச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மருமகள்
பிரீத்திகா


திருத்தங்கல்
5.9.2024

அன்பு மருமகள் பிரீத்திகாவுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். அருப்புக்கோட்டைப் பக்கம் நல்ல மனிதர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

பத்திரம் வந்துவிட்டது. நேற்று உன் அத்தையும் நானும் சேர்ந்து போனோம். ஒவ்வொரு பக்கமாக அவள்தான் புரட்டினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். எழுதி வாங்கினோம். தாளில் எல்லாம் அடித்தாகிவிட்டது. யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

கிளம்பும்போது தனுஷ்கோடி, "மருமகளுக்குக் கல்யாணமாமே. தாய்மாமன் சீரு எறக்காம முடியுமா? ஒரு லட்சம் எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, வட்டியில பாத்துக் கொறச்சுக்குவோம்" என்றான். ஒரு பார்வை பார்த்தேன் என்று எழுதலாம். பார்க்கவில்லை. நாற்பத்தொரு தட்டு கண் முன்னால் வந்துபோனது. அதில் பாதி வாடகைத் தட்டு என்பது உனக்குத் தெரியாது. அத்தைதான், "வேணாம் தம்பி, எங்க மருமக வேணாம்னு சொல்லிட்டா" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன். ஒரு பட்டுச் சேலையும் மாலையும் கொண்டு வருவேன். சேலைக்கு அத்தை சீட்டுக் கட்டுகிறாள்.

இப்போது அழகுராஜா. முதலாளி உன் கடிதத்தை அவனிடம் காட்டியிருக்கிறார். தீபாவளி சமயம், காலண்டர் வேலை வேறு குவிகிறது. பிழை விடுகிற ஆளுக்கு இந்த வருடம் போனஸ் எதற்கு என்று கேட்டாராம். அவன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஒங்க மருமக என்னை இன்னும் திட்டுறதை நிறுத்தலியா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அதனால் எழுதுகிறேன்.

அழகுராஜா பிழை விடவில்லை. நானூறு பத்திரிகையும் சுத்தமாகத்தான் வந்தன. முதல் பத்திரிகையோடு நான் தனுஷ்கோடி கடைக்குப் போனேன் அல்லவா, அங்கே சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பிரஸ்ஸுக்கு லேபிள் கட்டுப் பிரிக்க வருவாளே, புருஷன் இல்லாதவள். மற்ற நாளில் அவள் போய்க்கொண்டிருந்த பட்டாசுக் கம்பெனியையும் பூட்டிவிட்டார்கள். மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகு இறுகிப்போய் வரவில்லை. "எதுக்கு?" என்று அவன் கேட்க, "ரத்தினசாமி அண்ணாச்சி வீட்டுல விசேசம் வைக்காகளாம். எம்மக சடங்குக்கு ஐயாயிரம் செஞ்சாக. திருப்பிச் செய்யாம எப்படி அவுக மொகத்துல முழிக்க?" என்றாள். நான் பின்னால் நிற்பதை அவள் பார்க்கவில்லை. தனுஷ்கோடி பார்த்தான். "வாங்க அண்ணாச்சி, ஒங்க விசேசம் காதுல விழுந்ததுல இருந்து எனக்கு நல்ல யாவாரம். ஒங்க தெருவே வந்துட்டுப் போயிருச்சு" என்றான்.

என் வாயில் எப்போதும் வருவதுபோல ஒன்று வந்துவிட்டது. "ஏ தாயி, அதை மாட்டு. நம்ம பத்திரிகையில மொய் கிடையாது, அப்படித்தான் அடிச்சிருக்கோம்" என்றேன். தாம்பாளத்தில் பத்திரிகை இருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை. வெற்றிலையால் மூடிக்கொண்டு நேரே பிரஸ்ஸுக்குப் போனேன்.

அழகுராஜா ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, மொய்க்காகத்தான இந்த விசேசமே. வேணாம்னு போட்டா அப்புறம் எதுக்குப் பத்திரிகை?" என்றான். "போடுலே" என்றேன். நானூறையும் மறுபடி மெஷினில் ஏற்றி அடியில் அந்த வரியை அடித்தான். கூலி வாங்கவில்லை. பழியையும் நீயே ஏத்துக்கோ என்றேன். "சரி, கொஞ்சம் கொறச்சுத் திட்டச் சொல்லுங்க" என்றான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் பணத்தில் அரிசி வாங்கியாகிவிட்டது. வீடே போகிற நேரத்தில் மாமா இன்னும் வள்ளல் வேஷம் போடுகிறார் என்று நீ நினைப்பாய். அது வேஷம்தானோ, பழைய மைக் ஆசைதானோ என்று எனக்கும் அன்று தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அத்தையிடம் மட்டும் அன்றே சொன்னேன். அவள் கோபத்தில் அண்டாவைத் தேய்த்ததாக நான் எழுதியிருந்தால், அது கோபமில்லை.

முதலாளியிடம் இன்று காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன் பத்திரிகையை அழகுராஜாவிடமே கொடு. அவன் இதுவரை ஓர் எழுத்துப் பிழை விட்டதில்லை.

உன் பதிலை இனி வீட்டு முகவரிக்கே போடலாம்.

மாமன்
ரத்தினசாமி